சிறுநீரக நோயாளிகளுக்கான தொண்டு நிறுவனம் போர்டுக்குக் கூப்பிடுகிறது: கம்பெனி வக்கீல் நான் போகலாமா?

உம்கேனி_கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அட்டர்னியாக இருக்கிறேன், உம்ஷ்லாங்கா பக்கம் அலுவலகம். கோர்ட் படி ஏறுவது அபூர்வம். கம்பெனி வாங்குவது விற்பது, கடன் பத்திரம், குத்தகை, சப்ளை ஒப்பந்தம், இவற்றை எழுதுவதும் திருத்துவதும்தான் என் அன்றாடம்.

சாட்ஸ்வர்த்தில் ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. பெயர் இங்கே வேண்டாம். சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்காக நடத்துகிறார்கள். டயாலிசிஸுக்குப் போகிறவர்களை வேனில் அழைத்துப்போய் வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். வாரம் ஒரு நாள் கால் பரிசோதனை. ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் வரும்போது மேஜை போட்டுச் சர்க்கரை அளவு பார்த்துச் சொல்கிறார்கள். கிளினிக்கில் வரிசை நிற்க முடியாதவர்கள் மாத மருந்துப் பொட்டலத்தை இவர்களிடம் வாங்கிப் போகலாம். தலைவர் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர், எங்கள் கோயிலுக்கு வருகிறவர். என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து குருக்களாக இங்கே வந்த நாளிலிருந்து பழக்கம். போன வாரம் கேட்டார்: "போர்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வாம்மா. எங்களுக்கு வக்கீல் யாரும் இல்லை."

எனக்கு ஆசைதான். ஹோவர்ட் காலேஜில் அரசியல் சட்டம் படித்தபோது சூப்ரமணி வழக்கு பாடத்தில் வந்தது. இந்த ஊர்க்காரர், 41 வயது, வேலை இல்லை. சர்க்கரை, இதய நோய், ஒரு முறை பக்கவாதம், 1996-ல் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கையில் இருந்த பணம் தீரும்வரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டார். பிறகு அடிங்டன் மருத்துவமனையில் இடம் கேட்டார். இருந்த மிஷின்கள் போதாததால், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவர்களுக்கே இடம் என்று அங்கே ஒரு விதி. இதய நோய் இருந்ததால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை. 1997 நவம்பர் 27 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. மருத்துவ வசதிக்கான உரிமை அரசிடம் உள்ள வளத்துக்கு உட்பட்டது என்பது தீர்ப்பு. கொஞ்ச நாளில் அவர் இறந்துபோனார். தீர்ப்பு சட்டப்படி சரி என்று பரீட்சையில் எழுதினேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

தயக்கம் இதுதான். தலைவர் சொல்வதைப் பார்த்தால் போர்டு உறுப்பினராகவும் இலவச வக்கீலாகவும் நான் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். முதல் வேலையே புது வேன் குத்தகை ஒப்பந்தம். அந்த வேன் கம்பெனி என் அலுவலகத்தின் கட்சிக்காரர்! மருத்துவம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஏதாவது தப்பாகப் போனால் என் தொழில் காப்பீடு இதற்கெல்லாம் பொருந்துமா என்பதும் தெளிவாக இல்லை. இப்படி ஒரு போர்டில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ்_தம்பி எழுதியது:

அக்கா, யோசிக்காம வாங்க. நாங்க இங்க ஃபீனிக்ஸ்ல ஒரு சின்ன அமைப்பு நடத்துறோம், முதியவங்களுக்கு. ஒரு ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்ல அட்டர்னி கேக்குற பணத்துல எங்களுக்கு ரெண்டு மாச பெட்ரோல் ஓடும். போர்டுல ஒரு வக்கீல் இருந்தா எவ்வளவு நிம்மதி தெரியுமா? "நான் உறுப்பினர் மட்டும்தான், வக்கீல் வேலை செய்ய மாட்டேன்"னு சொல்லிட்டு வந்து உக்காந்தா எங்களுக்கு அதுல என்ன பிரயோஜனம்? மனசுல பட்டதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

லெனேசியா_கணக்கர் எழுதியது:

ஒப்புக்கொள்வதற்கு முன்னால் காகிதங்களை வாங்கிப் பாருங்கள். லாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் கம்பெனிப் பதிவகமான சிஐபிசியில் வருடாந்தர ரிட்டர்ன் விட்டுப்போகாமல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தொடர்ந்து போடாவிட்டால் பதிவையே நீக்கிவிடுவார்கள், அது தெரியாமலே பல அமைப்புகள் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கின்றன. தொண்டு நிறுவனச் சட்டத்தின் கீழும் பதிவு இருந்தால், நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் அறிக்கை போயாக வேண்டும்.

வரிவிலக்கு விஷயத்தில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்று. பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரம் நிற்க வேண்டுமானால், ஒருவருக்கொருவர் சொந்தமோ தொடர்போ இல்லாத மூன்று பேராவது பொறுப்பு ஏற்றிருக்க வேண்டும். நம் ஊரில் கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மைத்துனர் செயலாளர். நல்லவர்கள்தான், ஆனால் வரித்துறையான சார்ஸ் அதைக் கேட்காது. நன்கொடையாளருக்கு வரிவிலக்கு தரும் 18ஏ ரசீது கொடுக்கிற அமைப்பாக இருந்தால், 2023 மார்ச் 1 முதல் ரசீதில் நன்கொடையாளரின் விவரங்கள் முன்னைவிடக் கூடுதலாக வேண்டும். பழைய ரசீதுப் புத்தகத்தையே கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் நன்கொடை தந்தவருக்கு விலக்கு கிடைக்காமல் போகும். அடுத்த வருடம் அவர் தர மாட்டார்.

பழைய_அட்டர்னி_மாரிட்ஸ்பர்க் எழுதியது:

அம்மா, போங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நானும் உங்களைப் போலக் கம்பெனி வேலை பார்த்தவன்தான். தொழிலில் இருந்த காலத்திலேயே காசநோய், எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான ஒரு நிறுவனத்தின் போர்டில் பல வருடம் இருந்தேன். தொழிலை விட்டபிறகும் தொடர்ந்தேன்.

ஆனால் தலைவரிடம் போகும்போதே ஒன்றைத் தெளிவாக்கிவிடுங்கள். போர்டில் வக்கீலுக்கு என்று தனி நாற்காலி கிடையாது. எல்லாம் இயக்குநர் நாற்காலிதான்.

2008 கம்பெனிச் சட்டத்தின் 76-ஆம் பிரிவை நீங்கள் கட்சிக்காரர்களுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருப்பீர்கள், இப்போது அது உங்களுக்கே. இயக்குநர் காட்ட வேண்டிய கவனத்தை அந்தப் பிரிவு இரண்டு விதமாக அளக்கிறது. அந்தப் பொறுப்பில் இருக்கும் எவரும் காட்ட வேண்டிய கவனம் ஒன்று. அதோடு, அந்தக் குறிப்பிட்ட ஆளுக்கு உள்ள அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற கவனமும் வேண்டும். ஆக, அதே குத்தகைப் பத்திரத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் கை தூக்குவதும் நீங்கள் கை தூக்குவதும் ஒன்றல்ல. சம்பளம் இல்லை என்பதால் அந்த அளவுகோல் குறையாது.

இன்னொரு பக்கமும் உண்டு. மற்ற இயக்குநர்கள் ஒரு வக்கீலின் ஆலோசனையை நம்பி முடிவெடுத்தால் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்த வக்கீல் கம்பெனி அமர்த்தியவராக இருக்க வேண்டும். மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து "எனக்குச் சரியாகத்தான் படுகிறது" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அப்படிப்பட்ட ஆலோசனைதானா? நாளைக்குப் பிரச்சினை வந்தால் அதையே எதிர்த்தரப்பு கேட்கும். வக்கீல் கட்சிக்காரர் ரகசியப் பாதுகாப்பும் அப்படித்தான். வக்கீலாக அமர்த்தப்பட்டு எழுதிய கடிதத்துக்கு அது உண்டு. போர்டு உறுப்பினராக நடு இரவில் அனுப்பிய மின்னஞ்சலுக்கும் உண்டு என்று நம்பி எழுதாதீர்கள்.

எங்கள் போர்டில் செய்த ஏற்பாடு எளிது. சட்ட வேலை வந்தால் எழுத்தில் ஒரு நியமனக் கடிதம்: என்ன வேலை, யார் செய்கிறார்கள், கட்டணம் உண்டா இல்லையா. பெரும்பாலும் வெளி அலுவலகம் ஒன்று இலவசமாகச் செய்து கொடுத்தது. புரோபோனோ டாட் ஆர்க் அமைப்புக்கு டர்பனில் அலுவலகம் இருக்கிறது. தகுதியுள்ள தொண்டு நிறுவனத்தை இலவசமாகச் செய்யும் அட்டர்னியோடு இணைத்துவிடுவதே அவர்கள் வேலை. ஃபீனிக்ஸ் தம்பி, உங்கள் அமைப்பும் கேட்டுப் பார்க்கலாம்.

தம்பி கேட்ட கேள்வி நியாயமானது. சட்ட வேலை வெளியே போய்விட்டால் போர்டில் வக்கீல் எதற்கு? தேதிகளைப் பார்க்க.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மருத்துவத் தொண்டு நிறுவனங்கள் கெட்ட மனிதர்களால் விழுவதைவிட, ஒன்றோடொன்று பொருந்தாத காகிதங்களால் விழுவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மானிய ஒப்பந்தம் 12 மாதம். வேன் குத்தகை 60 மாதம். கட்டடம் 36 மாதம். டிரைவருக்கும் நர்ஸுக்கும் நிரந்தர வேலை. ஒவ்வொரு காகிதமும் தனித்தனியாக நல்ல காகிதம், தனித்தனிக் கூட்டத்தில் நிறைவேறியது. ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பதின்மூன்றாவது மாதம் பணம் எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது என்பது புரியும். டாக்டர் அதைப் பார்க்க மாட்டார், அவர் பார்க்க வேண்டியது நோயாளியை. கணக்கர் நடந்து முடிந்த வருடத்தைப் பார்ப்பார். கம்பெனி வேலை செய்கிறவருக்கு இப்படிப் பார்ப்பது கை வந்த பழக்கம்.

வேன் குத்தகை என்றீர்களே, கையெழுத்துப் பக்கத்தை யாராவது முழுக்கப் படித்தார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பொருளாளர், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், ஒரு கருவிக் குத்தகையில் பேனாவை வைக்கப் போனார். கையெழுத்துக் கோட்டுக்கு மேலே எறும்பு வரிசை மாதிரி மூன்று வரி. கம்பெனிக்காகக் கையெழுத்திடுகிறவர் தன் சொந்தப் பொறுப்பிலும் பிணையாளியாக, உடன் கடனாளியாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறார் என்று அதில் இருந்தது. பிணை எழுத்தில் இருந்து அதில் பிணையாளியின் கையெழுத்து இருக்க வேண்டும் என்று 1956-லேயே சட்டம் இருக்கிறது. அதனால்தான் அந்த வரிகளைச் சரியாக அந்த இடத்தில் அச்சடிக்கிறார்கள், ஒரே கையெழுத்து இரண்டு வேலையையும் செய்துவிடும். அவருக்குச் சொத்து என்று இருந்தது வீடு ஒன்றுதான். அந்த மூன்று வரியையும் அடித்து, பக்கத்தில் இரண்டு தரப்பும் சுருக்கொப்பம் போட்ட பிறகுதான் காகிதம் போனது. குத்தகைக் கம்பெனி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கேட்டால் எடுத்துவிடுவார்கள்!

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதுவரை இந்த நாட்டின் எச்.ஐ.வி. செலவில் ஏறக்குறைய 17 சதவீதம், அமெரிக்காவின் எய்ட்ஸ் உதவித் திட்டமான பெப்ஃபார் பணமாக இருந்தது. அடுத்த மாதக் கடைசியில் பல அமைப்புகளுக்கு முழு ரத்து அறிவிப்பே வந்தது. அதற்கு முன்னால் எங்கள் போர்டில் நான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று உண்டு: நாளைக்கே மூட வேண்டி வந்தால் முறைப்படி மூட எவ்வளவு ஆகும்? ஒரு வருடம் வேலை செய்தவருக்கு 4 வார முன்னறிவிப்பு. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் இழப்பீடு. ஆட்குறைப்புக்கு முன் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி அவர்களோடு கலந்து பேச வேண்டும், அதற்கும் நாளாகும். குத்தகையை முன்கூட்டி முடிக்க அபராதம். நோயாளிக் கோப்புகளை எங்கே வைப்பது என்பது தனிக் கேள்வி. மருத்துவக் கவுன்சிலின் வழிகாட்டலில் கோப்பு செயலற்றுப்போன நாளிலிருந்து 6 வருடம், குழந்தைகள் என்றால் 21 வயது நிறையும்வரை. இதையெல்லாம் கூட்டி ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தோம். நல்ல வருடங்களில் "இந்தப் பணத்தில் இன்னொரு நர்ஸ் போடலாமே" என்ற பேச்சு வரத்தான் செய்தது, அது நியாயமில்லாத பேச்சும் இல்லை. பணம் நின்ற வாரத்தில் எங்கள் நர்ஸுகள் ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றுக் கடிதம் எழுதி, எந்த அரசு கிளினிக்கில் பதிவு செய்திருக்கிறது என்று தொலைபேசியில் சொல்லி, அங்கே போய்ச் சேர்ந்தார்களா என்றும் விசாரிக்க முடிந்தது. அந்தக் கணக்கில் இருந்த பணம்தான் அவர்களுக்கு அந்த வாரங்களின் சம்பளம்.

இனி உங்கள் கட்சிக்காரர் விஷயம். கம்பெனிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு சொந்தப் பண ஆதாயத்தைப் பற்றியது. அந்த வேன் கம்பெனியில் உங்களுக்குப் பங்கு இல்லை, இந்த ஒப்பந்தத்துக்கு உங்கள் அலுவலகம் கட்டணம் வாங்கவும் இல்லை என்றால், அந்தப் பிரிவு நேராகப் பொருந்தாது என்று வாதாடலாம். வாதாடாதீர்கள். கட்சிக்காரரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது. இயக்குநராகத் தெரிந்ததைப் போர்டிடம் மறைக்கவும் கூடாது. ஒரே வாய் இரண்டையும் காப்பாற்ற முடியாது. அதனால் அந்த விஷயம் மேஜைக்கு வரும்முன் அறிவித்துவிட்டு, வெளியே போங்கள், நடவடிக்கைக் குறிப்பில் அதை எழுதச் சொல்லுங்கள். அந்தக் காகிதக் கட்டே உங்கள் கைக்கு வர வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். அலுவலகத்திலும் அந்தக் கோப்பைத் தொடாதீர்கள்.

சாட்ஸ்வர்த்_சிஸ்டர் எழுதியது:

ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் நர்ஸ், வேற ஒரு அமைப்புல இதே மாதிரி வேலை செய்றேன், போர்டுலயும் இருக்கேன். தங்கச்சி, "மருத்துவம் தெரியாது"ன்னு எழுதியிருந்தீங்களே, அதைப் பத்திச் சொல்லணும்.

எங்ககிட்ட முன்னாடி சொந்த வேன் கிடையாது, ஒரு கான்ட்ராக்டர் ஓட்டினார். ஒப்பந்தம் நல்லா படிச்சவங்க எழுதினது. காத்திருக்கும் நேரம் 15 நிமிஷம், அதுக்கு மேல வண்டி கிளம்பிடும்னு ஒரு வரி. படிக்கும்போது யாருக்கும் தப்பாத் தெரியல, எனக்கே கூட்டத்துல காட்டல. டயாலிசிஸ் ஒரு தடவை 4 மணி நேரம். மிஷின் நின்ன உடனே எழுந்து வர முடியுமா? ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடிச்சு ரத்தம் நிக்கணும். எழுந்து நின்னா பிரஷர் இறங்கிடும், தலை சுத்தும், மறுபடி உக்கார வைப்போம். சில நாள் 20 நிமிஷம், சில நாள் முக்கால் மணி. மழையில வாசல்ல வண்டி இல்லாம ஒரு பாட்டி கையில கட்டோட நின்னதைப் பார்த்துட்டுத்தான் நான் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படிச்சேன்.

அதனால சொல்றேன், முதல் போர்டு கூட்டத்துக்கு முன்னாடி ஒரு கிளினிக் நாள் காலையில வாங்க. சும்மா உக்காந்து பாருங்க. கால் பரிசோதனைல 10 கிராம் நைலான் இழைன்னு ஒண்ணு வெச்சிருப்போம், மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி மெல்லிசா இருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பாதத்துல அங்கங்க தொட்டு, இழை வளையிற அளவு அழுத்தி, "இப்பத் தெரியுதா?"ன்னு கேப்போம். போன ஈஸ்டர் முடிஞ்ச வாரம் ஒரு அம்மா வந்தாங்க. வருஷா வருஷம் தீ மிதிக்கிறவங்க. நான் தொடுறேன், அவங்க பேசாம இருக்காங்க. "எப்ப ஆரம்பிப்பே?"ன்னு என்னைக் கேட்டாங்க, அப்ப நான் ரெண்டாவது காலுக்கு வந்துட்டேன். பெருவிரலுக்கு அடியில கொப்புளம் உடைஞ்சு புண்ணாகியிருக்கு, அவங்களுக்குத் தெரியவே இல்ல. அம்மன் காப்பாத்தினா, வலிக்கலன்னு சந்தோஷமாச் சொன்னாங்க. அவங்க நம்பிக்கைய நான் குலைக்கல. சர்க்கரையால நரம்பு மரத்துப்போனதைப் பொறுமையா எடுத்துச் சொல்லி, அன்னைக்கே ஆர்.கே.கான் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் குடுத்தோம். வரவு செலவுல "கால் பரிசோதனை"ன்னு ஒரு வரி வந்து, அதைக் குறைக்கலாமான்னு கேட்டா, அந்த வரி என்னன்னு தெரிஞ்ச ஒருத்தர் அந்த மேஜைல இருக்கணும்.

மருந்துப் பொட்டலத்தையும் வந்து பாருங்க. பொட்டலத்து மேல பேரு, எந்த கிளினிக்னு ஒட்டியிருக்கும். மேஜை மேல பரப்பி வெச்சா அடுத்தவங்க எல்லாம் படிக்கலாம். இந்த ஊர்ல எந்த கிளினிக், எந்த நாள்னு பார்த்தே யாருக்கு என்ன வியாதின்னு ஊகிச்சிடுவாங்க. தனிநபர் தகவல் சட்டம், அதான் போபியா, உடல்நலத் தகவலைத் தனியாப் பாதுகாக்கச் சொல்லுது, 2021 ஜூலைலேர்ந்து அமலாக்குறாங்க. அதுக்காக ஒரு வக்கீல் எங்களுக்கு 4 பக்க சம்மதப் படிவம் எழுதிக் குடுத்தார். கண்ணு மங்கின ஆளுங்க எங்க படிப்பாங்க? அரைப் பக்கமாச் சுருக்கி, இங்கிலீஷ், சூலு, தமிழ் மூணுலயும் பெரிய எழுத்துல போட்டோம். பொட்டலத்தை எல்லாம் கதவு வெச்ச அலமாரில வெச்சுப் பூட்டினோம், ஒருத்தருக்கு ஒருத்தரா கூப்பிட்டுக் குடுக்குறோம். அலமாரிதான் பெரிய வித்தியாசம்.

ஃபீனிக்ஸ்_தம்பி எழுதியது:

சிஸ்டர், எங்க மேஜைலயும் பொட்டலம் அப்படித்தான் பரப்பி இருக்கு. இந்த வாரமே அலமாரி பாக்குறேன். பழைய அட்டர்னி ஐயா, வண்டிக் காகிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். நீங்க சொன்ன அதே மூணு வரி, எங்க செயலாளர் கையெழுத்து அதுக்குக் கீழ. இப்ப என்ன பண்றது?

பழைய_அட்டர்னி_மாரிட்ஸ்பர்க் எழுதியது:

பதறாதீர்கள் தம்பி. தவணை ஒழுங்காகப் போகிறவரை அந்தப் பிணைக்கு யாரும் வர மாட்டார்கள். செயலாளரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரிய வேண்டிய உரிமை இருக்கிறது. பிறகு குத்தகைக் கம்பெனிக்கு எழுதி, பிணையிலிருந்து அவரை விடுவித்து எழுத்தில் பதில் தரச் சொல்லுங்கள். தவணை தவறாத கணக்காக இருந்தால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் புதுப்பிக்கும் நாளை விடாதீர்கள். மேற்கொண்டு காகிதத்தைப் பார்த்து ஓர் அட்டர்னி சொல்வதுதான் சரி, இங்கே எழுதுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

உம்கேனி_கரை எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. லெனேசியா அண்ணா சொன்னபடி பதிவுக் காகிதங்களையும் கடைசி மூன்று வருடக் கணக்கையும் கேட்டேன், தலைவர் மறுநாளே ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டார். சிஐபிசி ரிட்டர்ன் எல்லாம் சரியாக இருக்கிறது. ரசீதுப் புத்தகம் பழையது, மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

நான் இயக்குநராக மட்டும் வருகிறேன், சட்ட வேலைக்கு வேறு அலுவலகம் பார்ப்போம் என்று அவரிடம் சொன்னபோது முகம் கொஞ்சம் வாடியது. மானியமும் குத்தகையும் எப்போது முடிகின்றன என்று ஒரே தாளில் எழுதிக் காட்டினேன். நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதைத்தான் அம்மா எங்களுக்கு யாரும் செய்து காட்டவில்லை" என்றார். என் அலுவலகப் பங்குதாரர்களிடமும் பேசிவிட்டேன். வேன் விஷயம் வரும்போது நான் வெளியே, எழுத்தில் வைத்தாகிவிட்டது. சிஸ்டர் அக்கா, வரும் புதன்கிழமை கால் பரிசோதனைக்குப் போகிறேன்.

பழைய அட்டர்னி ஐயா, காப்பீடு பற்றி நீங்கள் சொல்லவில்லையே?

பழைய_அட்டர்னி_மாரிட்ஸ்பர்க் எழுதியது:

ஆமாம், விட்டுப்போனது. உங்கள் தொழில் காப்பீடு நீங்கள் வக்கீலாகச் செய்யும் வேலைக்கு. அலுவலகம் தனியாகச் சேர்த்திருந்தால் தவிர, போர்டில் கை தூக்கியதற்கு அது பொருந்தும் என்று நம்பி இருக்காதீர்கள், பாலிசியை எடுத்துப் படியுங்கள். நிறுவனமே இயக்குநர்களுக்கு என்று ஒரு பாலிசி எடுக்கக் கம்பெனிச் சட்டம் அனுமதிக்கிறது, 78-ஆம் பிரிவு. தெரிந்தே செய்த தவறுக்கும் கண்மூடித்தனமாகக் கடன் வாங்கி நடத்தியதற்கும் நிறுவனம் உங்களுக்கு ஈடு தர முடியாது, அது நியாயமும்கூட.

பாலிசி இருக்கிறது என்று சொன்னால் இரண்டு இடத்தைப் பாருங்கள். நோயாளிக்கு ஏற்பட்ட உடல் பாதிப்பு இந்த வகைப் பாலிசியில் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். வேனுக்கும் கிளினிக்குக்கும் தனிக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்தது, இந்தப் பாலிசிகள் சம்பவம் நடந்த தேதியைப் பார்ப்பதில்லை, உங்கள் மேல் கோரிக்கை வந்த தேதியைத்தான் பார்க்கும். நீங்கள் இருந்தபோது எடுத்த முடிவுக்கு, நீங்கள் விலகியபிறகு வழக்கு வரலாம். அந்த நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும், முன்னாள் இயக்குநர்களும் அதில் அடங்க வேண்டும். சேரும் கடிதத்திலேயே, விலகிய பின்னும் இத்தனை வருடம் பாலிசியைத் தொடர்ந்து வைத்திருப்போம் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.